எந்தப் பயறு, எதற்குப் பயறு: பயறு விவசாயிகளுக்கு ஒரு திறந்த மடல்

நெய்யாற்றின்கரை, காட்டாக்கடை, நெடுமங்காடு, பாறசாலை பக்கங்களில் நெல் அறுத்த வயலிலும் மரச்சீனி நட்ட விளையிலும் பயறு போடுகிற அண்ணன்மாருக்கும் அக்காமாருக்கும், களியக்காவிளை தாண்டி விளவங்கோடு, கல்குளம் வட்டங்களில் அதே வேலையைச் செய்கிறவர்களுக்கும் இந்த மடல்.

நான் திருவனந்தபுரம் சாலைக் கடைத்தெருவில் பயறு, பருப்பு வியாபாரம் செய்கிறவன். தாத்தா காலத்தில் திருநெல்வேலிப் பக்கமிருந்து இங்கே வந்தோம். கடை போக, வெங்கானூர் அருகே நாற்பது சென்ட் வயலும் உண்டு. ஆகவே மூட்டையைப் பிரித்துப் பார்க்கும் கண்ணாலும் வரப்பில் நின்று பார்க்கும் கண்ணாலும் பயற்றைப் பார்த்துப் பழகியிருக்கிறேன். அந்தப் பழக்கத்தில்தான் எழுதுகிறேன்.

போன மாசியில் ஒருவர் கடைக்கு வந்தார். பாலராமபுரத்துக்கு உள்ளே ஏதோ ஒரு ஊர். மஞ்சள் பையில் ஒரு கிலோ விதை. “அண்ணாச்சி, இது நல்ல இனமான்னு பார்த்துச் சொல்லுங்க” என்றார். உள்ளங்கையில் கொட்டிப் பார்த்தேன். கருஞ்சிவப்பு நிறம், ஒரே சீரான மணி, ஓட்டை விழாத விதை. விதை நல்ல விதைதான். இனம்? குட்டையாக நிற்கும் குத்துப்பயறா, பந்தலேறும் வள்ளிப்பயறா, எத்தனை நாளில் வரும், காய் ஒன்றாக முற்றுமா விட்டு விட்டு முற்றுமா, எந்தப் போகத்துக்கு ஏற்றது என்று ஒவ்வொன்றாகக் கேட்டேன். அவரிடம் பதில் இல்லை. “சிவப்புப் பயறுன்னு சொல்லித் தந்தாங்க” என்றார். மூன்று மாத உழைப்பையும் கூலியையும் ஒரு நிறத்தின் பெயரை நம்பி மண்ணில் இறக்கப் போகிறார். எனக்கு மனசு கேட்கவில்லை.

உங்களிடம் நான் கேட்பது ஒன்றுதான். உலர்ந்த மணிக்காகப் பயறு போடுகிறீர்கள் என்றால், மணிக்கென்று உள்ள இனத்தைப் போடுங்கள். அந்த இனத்தின் குணங்களை விதை தருகிறவரிடம் எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

நம் பக்கத்தில் இதற்குப் பெரும்பயறு என்று பேர். கோவைப் பக்கம் தட்டைப்பயறு, சென்னையில் காராமணி, மலையாளத்தில் வன்பயறு, இலங்கையில் கௌபி. எல்லாம் ஒரே செடி. ஆப்பிரிக்காவில் பிறந்து அங்கே பெரும்பாலும் தானியமாக வளர்ந்த பயிர் இது. ஆசியாவுக்கு வந்த பிறகு அதன் ஒரு கிளையை நம் முன்னோர்கள் பச்சைக் காய்க்காகவே பொறுக்கிப் பொறுக்கி வளர்த்தார்கள். காய் முழ நீளத்துக்கு நீண்டது, செடி கொடியாகிப் பந்தல் ஏறியது. இன்று சாலைச் சந்தையில் கட்டுக் கட்டாக வரும் அச்சிங்காப் பயறு அந்தக் கிளைதான். ஆக ஒரே செடியில் இரண்டு தொழில் இருக்கிறது. காய்த் தொழிலுக்கு வேண்டிய குணம் வேறு, மணித் தொழிலுக்கு வேண்டிய குணம் வேறு.

காய்க்காரருக்குச் செடி மாதக் கணக்கில் காய்த்துக்கொண்டே இருக்க வேண்டும். ஒரு நாள் விட்டு ஒரு நாள் பறித்துச் சந்தைக்கு அனுப்புகிறவருக்கு அதுதான் வருமானம். மணிக்காரருக்கோ காய்கள் ஒரே காலத்தில் முற்றிக் காய வேண்டும். வள்ளியில் காய் நீளமாகவும் சதைப்பற்றாகவும் இருப்பது சிறப்பு. மணிக்குப் போடும் பயற்றில் அந்தச் சதை வீண், காய்வதற்கும் தாமதம். வெள்ளாயணி வேளாண்மைக் கல்லூரி ஸ்ரீகாரியத்து நாட்டு விதையிலிருந்து தெரிந்தெடுத்துக் கொடுத்த வெள்ளாயணி ஜோதிகா, பந்தலில் நீள நீளமாகக் காய்த்துத் தொங்கும் அருமையான பயறு. காய் விற்கிறவருக்கு அது தங்கம். அதை நெல்லறுத்த வயலில் மணிக்காகப் போட்டால், அந்த இனத்துக்கும் நியாயமில்லை, உங்கள் வயலுக்கும் நியாயமில்லை.

நான் இதைப் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். சில வருடங்களுக்கு முன்பு, முண்டகன் நெல் அறுத்த கையோடு, தை பிறந்ததும் வயலில் பயறு போட்டேன். விதை வாங்கிய கடையில் “குத்துப்பயறு, எழுபத்தைந்து நாள்” என்று வாயால் சொன்னார்கள். பையில் சீட்டு எதுவும் இல்லை, நானும் கேட்கவில்லை. முதல் மாதம் செடி அழகாகத்தான் வந்தது. பிறகு நுனி நீள ஆரம்பித்தது. பற்ற எதுவும் கிடைக்காமல் செடி செடியையே சுற்றியது. ஐம்பதாம் நாள் போய்ப் பார்த்தால் வயல் முழுக்க ஒரே பச்சைப் பாய், கால் வைக்க இடமில்லை. அடியில் நான்கைந்து காய் காய்ந்து வெடித்துக் கிடக்கிறது, நடுவில் பச்சைக் காய், மேலே அன்றைக்குத்தான் மலர்ந்த ஊதாப் பூ. ஏழு தடவை ஆள் விட்டுப் பறித்தேன். அந்தக் கொடிச் சிக்கலுக்குள் குனிந்து முற்றிய காயை மட்டும் தேடிப் பறிக்க ஆள் ஒன்றுக்கு ஒரு நாள் கூலி கொடுத்தால், அந்த நாளில் கிடைக்கும் மணியின் விலை கூலிக்கே காணவில்லை. ஐந்தாவது பறிப்பில் வேலைக்கு வந்த சேச்சி சொன்னார்: “அண்ணாச்சி, இது வயலுக்குள்ள பயறு இல்ல, பந்தலுக்குள்ள பயறு.” அவருக்குத் தெரிந்தது எனக்கு விதை வாங்கும்போது தெரியவில்லை.

அடுத்த வருடம் கனகமணி போட்டேன். அதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்லியாக வேண்டும்.

கனகமணிக்கு இன்னொரு பெயர் பி.டி.பி. 1. பி.டி.பி. என்றால் பட்டாம்பி. பாரதப்புழைக் கரையில் உள்ள பட்டாம்பி ஆராய்ச்சி நிலையம், மலபார் பழைய சென்னை மாகாணத்தில் இருந்த காலத்தில், 1927இல் நெல்லுக்காகத் தொடங்கியது. அங்கே தேர்ந்தெடுத்த நெல் இனங்களுக்கு வரிசையாக பி.டி.பி. எண் கொடுத்தார்கள். அதில் பி.டி.பி. 33 புகையான் பூச்சியைத் தாங்கும் குணத்துக்காகப் பிலிப்பைன்ஸில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் வரை போய்ச் சேர்ந்த இனம். அந்த நெல் நிலையம் பயற்றில் கை வைத்தபோது, பக்கத்து குன்னங்குளத்தில் விவசாயிகள் தலைமுறையாக வைத்திருந்த நாட்டு விதையிலிருந்து நல்ல செடிகளைப் பிரித்து, அவற்றின் வழியைக் கலப்பில்லாமல் நிலைப்படுத்தி, பயற்று வரிசையின் முதல் எண்ணை அதற்குக் கொடுத்தது. குன்னங்குளத்து விவசாயி காப்பாற்றிய விதையும் நிலையத்தின் பொறுமையும் சேர்ந்து வந்த இனம் என்பதால் எனக்கு இதன் மேல் தனி மரியாதை உண்டு.

கனகமணி இரண்டுக்கும் ஆகும் இனம். இளசாகப் பறித்தால் நடுத்தர நீளப் பச்சைக் காய், முற்றவிட்டால் சிவப்பு மணி. கேரள வேளாண் பல்கலைக்கழகத்தின் பட்டியலில் இது பாதி படரும் வகையில் வருகிறது. முழுக் குத்துமில்லை, முழு வள்ளியுமில்லை. இந்த ஒரு வரியைத்தான் நீங்கள் கவனிக்க வேண்டும். கோடையில், நெல்லறுத்த வயலின் மிச்ச ஈரத்தில், தழைச்சத்தை அளவாகக் கொடுத்தால் இது அடக்கமாக நிற்கும். மழைக் காலத்தில், தென்னைக்கடியில், சாணமும் யூரியாவும் தாராளமாகப் போட்ட இடத்தில் நுனி நீட்டத் தொடங்கிவிடும். விதை ஒன்றுதான், இடமும் காலமும் மாறினால் நடத்தை மாறுகிறது. ஆகவே இனத்தின் குணம் என்பது “எங்கே, எப்போது, எப்படி வைத்தால்” என்பதையும் சேர்த்துத்தான். தானியத்துக்கென்றே பல்கலைக்கழகம் சொல்லும் இனங்களில் பட்டாம்பியின் அடுத்த எண்ணான கிருஷ்ணமணியும் அகில இந்திய அளவில் பழகிய சி-152ம் இருக்கின்றன. பச்சைக் காயே விற்கப் போவதில்லை என்று முடிவாக இருப்பவர்கள் அந்தப் பக்கம் போவது நல்லது. பாதிக் காய், பாதி மணி என்று சந்தை விலை பார்த்து நடக்க நினைப்பவர்களுக்கு என் ஓட்டு கனகமணிக்கு.

என் வயலில் கனகமணியை மூன்று பறிப்பில் முடித்தேன். ஏழு எங்கே, மூன்று எங்கே. விளைச்சல் பெரிதாகக் கூடவில்லை. கூலி பாதிக்கும் கீழே போனது, அதுதான் லாபம்.

இங்கே பட்டாணியைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் என் கடையில் உங்கள் பயற்றுக்குப் போட்டி அதுதான். மஞ்சள் பட்டாணி கப்பலில் வருகிறது. 2017 நவம்பரில் மத்திய அரசு அதன் இறக்குமதிக்கு 50 சதவீத வரி போட்டது. பிறகு பருப்பு விலை ஏறியதும் 2023 டிசம்பரில் அந்த வரியை எடுத்துவிட்டது, அந்த விலக்கின் கெடுவையும் பல தடவை நீட்டியது. கனடாவிலிருந்தும் ரஷ்யாவிலிருந்தும் பட்டாணி குவிந்தது. தேநீர்க் கடைக் கறியிலிருந்து பட்டாணிப் பருப்பு வரை அது புகாத இடமில்லை.

“நாமும் பட்டாணி போட்டால் என்ன?” என்று சிலர் கேட்கிறார்கள். முடியாது. பட்டாணி குளிர்காலப் பயிர். பூக்கும் நேரத்தில் வெயில் 27, 28 டிகிரியைத் தாண்டினாலே பூ உதிரத் தொடங்கும். நம் திருவனந்தபுரத்தில் ஜனவரி இரவின் சராசரியே 22 டிகிரியை ஒட்டி நிற்கிறது. பட்டாணிக்கு உத்தரப் பிரதேசத்தின் பனிக்காலமும் கனடாவின் புல்வெளியும்தான் வீடு. நம் வெயிலுக்குப் பிறந்தது பெரும்பயறு.

பயிரைத்தான் கடன் வாங்க முடியாது, பட்டாணி விளைவிக்கிறவர்களுடைய பழக்கம் ஒன்றை வாங்கலாம். கனடாவின் சஸ்காட்செவன் மாகாணத்தில் தானிய இனங்களுக்கென்று வருடந்தோறும் ஒரு கையேடு வெளியிடுகிறார்கள். பட்டாணிக்கு அதில் ஒரு அட்டவணை. ஒரு இனத்தை ஒப்பீட்டுக்கு நிறுத்தி (சில பதிப்புகளில் அது சிடிசி அமரில்லோ), மற்ற ஒவ்வொரு இனமும் அதற்கு எவ்வளவு கூட, எவ்வளவு குறைய விளைகிறது என்று சதவீதத்தில் போடுகிறார்கள். அடுத்த கட்டங்களில் முற்றும் காலம், கொடி நீளம், ஆயிரம் மணியின் எடை, அறுவடைக்குள் எவ்வளவு சாய்கிறது என்பதற்கு 1 முதல் 9 வரை மதிப்பெண், மணியின் தோல் எவ்வளவு சுலபமாக உடைகிறது, சாம்பல் நோய் தாக்குமா தாக்காதா. அந்த ஊர் விவசாயி மே மாதம் விதைக்கும் முன்னால் குளிர்காலம் முழுக்க இதை வைத்துக் கணக்குப் பார்க்கிறார். சாயாத பட்டாணி வேண்டும் என்று அவர்கள் கேட்டுக்கொண்டே இருந்ததால்தான், இலைக்குப் பதில் பற்றுக்கம்பியாக மாறிய செடிகள், ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு வேலி போல நிற்கும் இனங்கள், அங்கே வயல் முழுக்க வந்தன. அறுவடை இயந்திரம் தரையைச் சுரண்டாமல் அறுக்க முடிகிறது.

கேட்டதால் வந்தது என்பதை அழுத்திச் சொல்கிறேன். நாமும் கேட்க வேண்டும்.

1987இலிருந்து நம் ஒவ்வொரு பஞ்சாயத்திலும் கிருஷிபவன் என்ற வேளாண் அலுவலகம் இருக்கிறது. வெள்ளாயணிக் கல்லூரி 1955இலிருந்து நம் வாசலிலேயே இருக்கிறது. விவரம் அங்கே இல்லாமலில்லை. விதைப் பையோடு அது நம் கைக்கு வரவில்லை, அவ்வளவுதான். அடுத்த சிங்க மாதம் ஒன்றாம் தேதி கர்ஷக தினத்துக்குக் கிருஷிபவனில் கூடும்போது எல்லாருமாக இதைக் கேளுங்கள்: பயறு விதை கொடுக்கும்போது கூடவே ஒரு பக்கச் சீட்டு. அதில் குத்தா, பாதி படர்வதா, வள்ளியா என்று முதல் வரியில் இருக்கட்டும். எத்தனை நாளில் பூ, எத்தனை நாளில் காய்ந்த மணி, எத்தனை பறிப்பில் முடியும், நூறு மணி என்ன எடை, என்ன நிறம், வேக எவ்வளவு நேரம், எந்தப் போகத்துக்கு ஆகாது, எந்த நோயைத் தாங்கும், எதற்குப் பணிந்துபோகும். பத்து வரி போதும்.

“எந்தப் போகத்துக்கு ஆகாது” என்பது நம் ஊரில் உயிர் போகிற கேள்வி. நமக்கு இடவப்பாதி மழையும் உண்டு, துலாவர்ஷ மழையும் உண்டு. குட்டையாக அடர்ந்து நிற்கும் இனங்களைக் கொட்டும் மழையில் போட்டால், ஈரம் போக வழியில்லாமல் தண்டின் அடி அழுகும், இலைகள் சிலந்தி வலை போட்டது போல ஒட்டிக்கொண்டு கருகும். மண்ணில் இருக்கும் பூஞ்சணம்தான் காரணம். வேப்பம் பிண்ணாக்கும் சாணமும் சேர்த்துப் பெருக்கிய டிரைக்கோடெர்மாவை அடியுரமாகப் போடுவது உதவும். அதைவிட உதவுவது தண்ணீர் வடியும் வாய்க்காலும் இடைவெளியும். கரிவள்ளி என்று இங்கே சொல்லும் நோயில் தண்டும் கொடியும் கறுத்துச் சாகும். அதுவும் மழைக்கால நோய். சில நாட்டு விதைகளுக்கு இன்னொரு குணம் உண்டு. பகல் நீளமாக இருக்கும் ஆனி, ஆடியில் பூவே எடுக்காமல் கொடியோடிக்கொண்டே இருக்கும், பகல் குறைந்த பிறகுதான் பூக்கும். அதைத் தெரியாமல் ஜூனில் போட்டுவிட்டு “மலட்டு விதை” என்று திட்டியவர்களை நான் பார்த்திருக்கிறேன். விதை மலடில்லை, அதன் காலம் வேறு.

ஆகவே மணிக்கு எது நல்ல போகம் என்று கேட்டால் நான் தை, மாசியில் விதைத்து வெயிலில் காயவைக்கும் போகத்தையே சொல்வேன். அப்போது வரும் தலைவலி அசுவினி, மலையாளத்தில் முஞ்ஞ. கறுப்பு மணல் தூவியது போல நுனியிலும் பிஞ்சிலும் அப்பிக்கொள்ளும். வைரஸ் நோயைச் செடிக்குச் செடி கொண்டுபோவதும் அதுதான். புளித்த கஞ்சித் தண்ணீரை நீர் சேர்த்து நுனியில் படும்படி அடியுங்கள். வெயிலில் காய்ந்து மெல்லிய தோலாகப் பெயரும்போது பூச்சியும் சேர்ந்து உதிரும். ஆரம்பத்திலேயே பார்த்துச் செய்தால்தான் இது பலிக்கும். நுனி சுருண்ட பிறகு அடித்துப் பயனில்லை.

மரச்சீனி விளையில் ஊடுபயிராகப் போடுகிறவர்களுக்குத் தனியாகச் சில வார்த்தைகள். 1880களில் விசாகம் திருநாள் மகாராஜா ஊக்கம் கொடுத்து வளர்த்த பயிர் மரச்சீனி. இரண்டாம் உலகப் போரில் பர்மா அரிசி நின்றபோது திருவிதாங்கூரின் வயிற்றைக் காத்தது. வயிறு நிறைந்தது என்றாலும் கிழங்கில் புரதம் நூற்றுக்கு ஒன்றோ இரண்டோ. காய்ந்த பெரும்பயற்றில் 23, 24 பங்கு. மரச்சீனிக்குப் பக்கத்தில் பயறு வைத்த நம் கிழவிகளுக்கு எண் தெரியாது, பொருத்தம் தெரிந்திருந்தது. அந்தப் பொருத்தத்தை விளையிலும் கொண்டுவரலாம். 1963இல் ஸ்ரீகாரியத்தில் தொடங்கிய மத்தியக் கிழங்குப் பயிர் ஆராய்ச்சி நிலையம் இதைப் பல காலம் சோதித்துப் பார்த்திருக்கிறது. மூன்றடிக்கு மூன்றடியாக மரச்சீனிக் கம்பு நட்டால், அதன் இலை விரிந்து நிலத்தை மூட ஏறக்குறைய மூன்று மாதம் ஆகும். அந்த மூன்று மாதம் நடுவில் இருக்கும் நிலம் சும்மா கிடக்கிறது. கம்பு நட்ட உடனேயே குறுகிய நாள் குத்துப்பயறு போட்டு எண்பது நாளுக்குள் எடுத்துவிட்டால் இரண்டுக்கும் கேடில்லை. அங்கே வள்ளி போட்டால்? மரச்சீனித் தண்டே அதற்குப் பந்தல்கால். ஏறி நுனியை வளைத்துவிடும். இனத்தின் குணம் தெரியாமல் போவதால் வரும் நஷ்டம் இங்கே இரட்டை.

மண்ணைப் பற்றி அதிகம் சொல்லப் போவதில்லை, உங்களுக்குத் தெரிந்ததுதான். நம் செம்மண் புளித்த மண். பல்கலைக்கழகச் சிபாரிசு ஹெக்டேர் கணக்கில் பெரிதாகத் தெரியும், சென்ட் கணக்கில் சொன்னால் மனசில் நிற்கும்: சென்டுக்கு ஒரு கிலோ சுண்ணாம்பு, முதல் உழவிலேயே. மணிக்கான பயறு என்றால் வரிசைக்கு வரிசை 25 சென்டிமீட்டர், செடிக்குச் செடி 15, குழிக்கு இரண்டு விதை. பத்து சென்டுக்கு இரண்டேகால் கிலோ விதை. யூரியா பத்து சென்டுக்கு ஒன்றேமுக்கால் கிலோவுக்கு மேல் வேண்டாம், அதையும் பாதியாக்கி அடியில் ஒரு பாதி, இரண்டு மூன்று வாரம் கழித்து மறுபாதி. கூடப் போட்டால் இலைதான் கூடும்.

முப்பத்தைந்தாம் நாள் ஒரு செடியை வேரோடு மெதுவாகத் தோண்டி எடுங்கள். பிடுங்க வேண்டாம், பிடுங்கினால் முடிச்சுகள் மண்ணிலேயே தங்கிவிடும். வேரில் கடுகு முதல் மிளகு அளவு வரை முடிச்சுகள் இருக்கும். ஒன்றை நகத்தால் கீறிப் பாருங்கள். உள்ளே வெட்டிய கொய்யாப் பழம் போல இளஞ்சிவப்பாக இருந்தால் அது காற்றிலிருந்து தழைச்சத்தை எடுத்துக்கொண்டிருக்கிறது, உங்கள் யூரியா மிச்சம். வெளிறியோ பச்சையாகவோ இருந்தால் வேலை நடக்கவில்லை. அடுத்த தடவை விதையை ரைசோபியம் கலந்த கஞ்சியில் புரட்டி, நிழலில் உலர்த்தி, அன்றைக்கே விதையுங்கள்.

இனி, கடைக்காரனாகச் சொல்ல வேண்டியது. உங்கள் பயறு என் தராசுக்கு வரும்போது நான் செய்வதை மறைக்காமல் சொல்கிறேன். மூட்டையின் மேலேயும் அடியிலும் கைவிட்டு ஒரு பிடி எடுப்பேன். நிறம் ஒன்றா, அளவு ஒன்றா என்று பார்ப்பேன். இரண்டு இனம் கலந்த பயறு ஒரே பாத்திரத்தில் ஒன்று குழையும், ஒன்று கல்லாக நிற்கும். எரிசேரிக்கும் ஓலனுக்கும் வாங்கும் சமையல்காரர் அடுத்த தடவை என் கடைப் படி ஏறமாட்டார். கரமனை அக்கிரகாரத்தில் காரடையான் நோன்புக்கு அடை தட்டுகிறவர்கள் காராமணி பார்த்து வாங்குவது போல வேறு யாரும் வாங்கிப் பார்த்ததில்லை. முழுசாக வேக வேண்டும், தோல் பிரியக் கூடாது, வெல்லத்தில் நிறம் மங்கக் கூடாது. இந்தக் குணங்களெல்லாம் வயலில் விதை விழும்போதே முடிவானவை, கடையில் நான் ஒன்றும் செய்ய முடியாது. ஆகவே கலக்காதீர்கள். கனகமணி என்றால் கனகமணியாகவே, தனிச் சாக்கில், சீட்டு வைத்துக் கொண்டுவாருங்கள். தனி விலை போடுகிறேன்.

அடுத்து ஒரு மணியைக் கடிப்பேன். பல்லில் பட்டென்று உடைந்தால் சரி. பல் பதிந்தால் ஈரம் இருக்கிறது, ஒரு மாதத்தில் வண்டு வரும். பயறு வண்டு என் குடோனில் பிறப்பதில்லை, காய்ந்த காயின் மேல் வயலிலேயே முட்டை வைத்துவிடுகிறது. வெளிச்சத்தில் மணியைத் திருப்பிப் பாருங்கள். சுண்ணாம்புப் புள்ளி போல வெள்ளையாக ஒட்டியிருப்பது முட்டை. மூன்று நான்கு வாரத்தில் ஊசியால் துளைத்தது போல வட்ட ஓட்டை போட்டுக்கொண்டு வண்டு வெளியே வரும். அப்புறம் அந்தச் சாக்கு மாவுதான். காய் காய்ந்ததும் வயலில் விட்டுவைக்காதீர்கள். வெயில் ஏறும் முன் காலையில் பறித்தால் காய் வெடித்து மணி சிந்தாது. தார்ப்பாயில் அடித்து, முறத்தில் புடைத்து, இரண்டு மூன்று நல்ல வெயில் காட்டுங்கள். விதைக்கு வைப்பதில் கிலோவுக்கு ஒரு தேக்கரண்டி தேங்காயெண்ணெய் புரட்டி வையுங்கள், அல்லது நம் திருநெல்வேலிப் பக்கம் செய்வது போலச் செம்மண் கட்டிக் காயவைத்து வையுங்கள்.

விதை என்றதும் கடைசியாக ஒன்று. பயறு தன் பூவிலேயே தன்னைக் கருவூட்டிக்கொள்ளும் செடி. அதனால் ஒரு தடவை நல்ல விதை வாங்கினால் பல போகங்களுக்கு உங்கள் வயலிலேயே விதை எடுக்கலாம். சான்று விதைக்குச் சட்டம் கேட்கும் இடைவெளியே பக்கத்து வயல் பயற்றிலிருந்து ஐந்து மீட்டர்தான். வாங்கும்போது சீட்டின் நிறத்தைப் பாருங்கள். நீலச் சீட்டு சான்று விதை, வெள்ளைச் சீட்டு ஆதார விதை. வயலில் ஒரு ஓரத்தை விதைக்கென்று ஒதுக்குங்கள். பூக்கும்போது ஒரு தடவை, காய் பிடித்ததும் ஒரு தடவை நடந்து பார்த்து, கொடியோடும் செடி, வேறு நிறப் பூ, மொசைக் விழுந்த இலை எதைப் பார்த்தாலும் தயங்காமல் பிடுங்கி எறியுங்கள். 2001ஆம் ஆண்டுப் பயிர் இனப் பாதுகாப்பு மற்றும் உழவர் உரிமைச் சட்டம், தன் விளைச்சலிலிருந்து விதை எடுத்து வைக்கவும், விதைக்கவும், பக்கத்து விவசாயிக்குக் கொடுக்கவும், மாற்றிக்கொள்ளவும், விற்கவும் உங்களுக்கு உரிமை தருகிறது. பிராண்டு பெயர் போட்ட பையில் அடைத்து விற்பதுதான் கூடாது.

என் வயலில் இந்தத் தையிலும் கனகமணிதான். விதைக்கென்று பிரித்து வைத்ததில் இருபது கிலோ மிச்சமிருக்கிறது. பத்து பேருக்கு ஆளுக்கு இரண்டு கிலோ கொடுக்கலாம். காசு வேண்டாம், விளைந்த பிறகு இரண்டு கிலோவாகத் திருப்பிக் கொடுங்கள், அதை அடுத்த பத்துப் பேருக்குக் கொடுப்போம். பையோடு நான் கையால் எழுதிய சீட்டும் இருக்கும்: எத்தனை நாளில் பூத்தது, எத்தனை பறிப்பு, எங்கே நுனி நீண்டது என்று. உங்கள் வயலில் அது எப்படி நடந்துகொண்டது என்பதை அதே சீட்டின் பின்பக்கத்தில் எழுதிக் கொண்டுவாருங்கள். பாலராமபுரத்திலிருந்து மஞ்சள் பையோடு வந்த அண்ணன் இதைப் படிக்க நேர்ந்தால், முதல் இரண்டு கிலோ அவருக்கு.

அன்புடன்,
சாலைக் கடைத்தெருவிலிருந்து ஒரு பயறு வியாபாரி
திருவனந்தபுரம்